பொறியாளர் கண்ணில் படாத கோயில்

கேள்வி இதுதான்: “காலனியம் முடிந்து உலகமயமான இன்றைய உலகைப் புரிந்துகொள்ள மேற்கத்தியச் சிந்தனைமுறைகள் போதாது, அவற்றை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று பல்கலைக்கழகங்களில் பேசுகிறார்கள். நடைமுறையில் இதற்கு என்ன பொருள்? மேற்கின் அறிவியலை ஓரங்கட்டிவிட்டு, எல்லாம் நம் முன்னோர்களுக்கு அப்போதே தெரியும் என்று மார்தட்டுவதா?”

மார்தட்டுவது அல்ல. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பேச்சைத் தொடங்குகிறவர்களில் பாதிப் பேர் அங்கேதான் போய் நிற்கிறார்கள். மீதிப் பாதி, வாயில் நுழையாத கலைச்சொற்களை அடுக்கிக் கட்டுரை எழுதுகிறார்கள். படித்து முடித்தால் தலைவலிதான் மிஞ்சுகிறது. நான் நீர்ப்பாசனத் துறையில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தண்ணீரை வைத்துத்தான் எனக்குச் சொல்லத் தெரியும். ஆகவே தத்துவவாதிகளைத் தொந்தரவு செய்யாமல், இந்தோனேசியாவின் பாலித் தீவை மட்டும் எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். வேலையில் இருந்த காலத்தில் அந்தத் தீவைப் பற்றிப் படித்தபோதுதான், நான் அதுவரை எந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஏரிகளைப் பார்த்திருக்கிறேன் என்பதே எனக்கு உறைத்தது.

பாலி ஏறக்குறைய 5,700 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள எரிமலைத் தீவு. மலையிலிருந்து கடலுக்கு இறங்கும் ஆறுகள் ஆழமான பிளவுகளில் ஓடுகின்றன; ஆற்றங்கரையில் நின்று ஏற்றம் போட்டு இறைக்க முடியாது. அதனால் மேட்டிலேயே தடுப்பணை கட்டி, பாறையைக் குடைந்து சுரங்க வாய்க்கால் வெட்டி, தண்ணீரைப் பக்கவாட்டில் எடுத்துவந்து, படிப்படியாகச் செதுக்கிய வயல்களில் இறக்குகிறார்கள். இந்த வேலையைச் செய்கிற உழவர் சங்கத்துக்கு சுபாக் என்று பெயர். 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் இந்தச் சொல்லின் தடம் இருக்கிறது. இன்று தீவில் சுமார் 1,200 சுபாக்குகள். ஒவ்வொன்றிலும் 50 முதல் 400 உழவர்கள் வரை இருப்பார்கள்.

தண்ணீரை எப்படிப் பங்கிடுகிறார்கள் என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். வாய்க்கால் பிரியும் இடத்தில் குறுக்கே ஒரு மரக்கட்டை கிடக்கும். அதன் மேல்விளிம்பில் ஒரே ஆழத்தில் வாய்கள் வெட்டப்பட்டிருக்கும். அகலம் மட்டும் பங்குக்கு ஏற்ப மாறும். உங்கள் பகுதிக்கு நான்கு பங்கு, என் பகுதிக்கு இரண்டு பங்கு என்றால் உங்கள் வாய் என் வாயைப் போல இரு மடங்கு அகலம். ஒரு பங்குக்கு தெக்தெக் என்று பெயர். ஷட்டர் கிடையாது, சாவி கிடையாது, ஆபரேட்டரும் கிடையாது. ஆற்றில் தண்ணீர் பெருகினாலும் குறைந்தாலும் பங்கின் விகிதம் அப்படியே நிற்கும். யாராவது இரவில் வந்து வாயை அகலப்படுத்தினால், விடிந்ததும் வழியில் போகிற குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். என் பணிக்காலத்தில் ஷட்டர் சாவியை வைத்து நடந்த சண்டைகளையும் சமரசங்களையும் நினைத்துப் பார்க்கிறேன். அந்தக் கட்டைக்குக் கும்பிடு போடலாம்.

அடுத்தது கோயில். பாலி உழவரின் வயலில் தண்ணீர் நுழையும் மடையருகே ஒரு சின்னஞ்சிறு படையல் மேடை இருக்கும். சுபாக்குக்கு ஒரு கோயில், தடுப்பணைக்கு ஒரு கோயில், ஒரே நீரைப் பகிரும் பல சுபாக்குகளுக்குச் சேர்த்து ஒரு பெரிய கோயில். எல்லாவற்றுக்கும் மேலே, பாதூர் எரிமலையின் வாய்விளிம்பில், ஏரித் தெய்வமான தேவி தனுவின் கோயில். 1926இல் எரிமலை வெடித்து ஊரும் கோயிலும் அழிந்த பிறகு விளிம்புக்கு மேலே கொண்டுவந்து மறுபடி கட்டியது அது. அதன் தலைமைப் பூசாரிக்கு ஜெரோ கெடே என்று பெயர். ஒருவர் இறந்தால் அடுத்தவரைத் தேவி, மருள் வந்த கன்னிப் பூசாரினியின் வாய்வழியாகச் சொல்ல, ஒரு சிறுவனைத் தேர்ந்தெடுப்பார்கள். புது ஊற்றிலிருந்து வாய்க்கால் வெட்ட வேண்டும் என்றாலும், இரண்டு சுபாக்குகளுக்குள் தண்ணீர்த் தகராறு என்றாலும், உழவர்கள் மலையேறிப் போவது அவரிடம்தான். எந்தச் சுபாக் எப்போது நாற்று விட வேண்டும், எப்போது வயலைச் சும்மா போட வேண்டும் என்பதெல்லாம் இந்தக் கோயில் அடுக்கின் திருவிழா நாள்களோடு பின்னிக் கிடக்கிறது. அவர்களுடைய சடங்கு ஆண்டுக்கு 210 நாள். அதற்குள் ஒரு நாள் வாரம் முதல் பத்து நாள் வாரம் வரை பத்து வகை வாரங்கள் ஒரே சமயத்தில் ஓடும். நம் பஞ்சாங்கம் அதற்கு முன்னால் பால்வாடிப் பாடம்.

இப்போது இதை வெளியிலிருந்து வந்து பார்த்தவர்களிடம் வருவோம்.

டச்சுக்காரர்கள் வடபாலியை 1840களிலும், தென்பாலியை 1906, 1908ஆம் ஆண்டுகளிலும் பிடித்தார்கள். 1906இல் பாதுங் அரசரும் அவர் குடும்பமும் வெள்ளை உடுத்திக்கொண்டு டச்சுத் துப்பாக்கிகளுக்கு எதிரே நடந்துபோய் மாண்டார்கள். ரத்தம் காய்ந்ததும் அதிகாரிகள் நிலவரிப் பதிவேட்டைத் திறந்தார்கள். முதல் கேள்வி: தண்ணீர் யாருடையது? அவர்கள் கையில் இருந்த விடைகள் இரண்டுதான்: அரசருடையது, அல்லது கிராமத்தாருடையது. சிலர் அரசரே பாசனத்தின் தலைவர் என்றார்கள். சிலர் சுபாக் ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் குடியரசு என்றார்கள். இந்த வாதத்துக்கு ஐரோப்பாவில் நீண்ட வால் உண்டு. 1853இலேயே கார்ல் மார்க்ஸ், ஆசியாவில் பாசனம் என்பது மைய அரசின் வேலை என்று இந்தியாவைப் பற்றி எழுதிவிட்டார். 1957இல் கார்ல் விட்ஃபோகல் என்ற அறிஞர் அதையே பெரிய கோட்பாடாகக் கட்டினார்: பெரும் பாசனம் இருந்தால் கொடுங்கோல் அதிகாரம் வந்தே தீரும் என்று. கிழக்கு என்றால் சர்வாதிகாரம், மேற்கு என்றால் சுதந்திரம் என்ற பழைய எண்ணத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிய கோட்பாடு அது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அரசரா, கிராமமா என்று இரு தரப்பும் சண்டை போட்டார்கள். கோயிலை எவரும் பொருட்படுத்தவில்லை. மறைத்து வைத்த இடமல்ல அது. ஒவ்வொரு வயல் மூலையிலும் இருந்தது. படம் பிடித்தார்கள், சடங்கை விவரித்துத் தடிமனான நூல்கள் எழுதினார்கள். ஆனால் அந்தக் குறிப்புகள் எல்லாம் ‘மதம்’ என்ற கட்டத்தில் போய் உட்கார்ந்தன. ‘பாசனம்’ இன்னொரு கட்டம், வேறு அலுவலகம், வேறு அதிகாரி. திருச்சபைக்கும் அரசர்களுக்கும் நூற்றாண்டுக்கணக்கில் நடந்த இழுபறியின் முடிவில் ஐரோப்பா தனக்கென்று செய்துகொண்ட பிரிவினை இது: மதம் ஒரு பக்கம், அரசியல் ஒரு பக்கம், பொருளாதாரம் ஒரு பக்கம், இயற்கை இன்னொரு பக்கம். அவர்கள் வரலாற்றுக்கு அது பொருந்தியிருக்கலாம். அதையே எல்லா மனிதர்களுக்கும் இயல்பான பிரிவினை என்று நினைத்துக் கப்பலில் ஏற்றியதுதான் தவறு. மறுபரிசீலனை என்று நான் புரிந்துகொண்டிருப்பது இந்தக் கட்டங்களைப் பற்றியது. நியூட்டன் விதி பாலியிலும் அதே விதிதான். அதில் எனக்குத் தகராறு இல்லை.

கட்டம் தவறினால் என்ன ஆகும்? வயலில் தெரியும்.

நெல்லைத் தாக்கும் பூச்சிகளில் புகையானை நம் டெல்டா விவசாயிகளுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தூரில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சி, வயலையே தீய்ந்த மாதிரி வட்டம் வட்டமாகக் காயப்போடும். அதற்கு உணவு நெல்தான். ஒரு பெரும் பரப்பில் எல்லோரும் ஒரே சமயத்தில் நட்டு, ஒரே சமயத்தில் அறுத்து, வயலில் தண்ணீரைத் தேக்கிச் சும்மா போட்டால், புகையானுக்கும் எலிக்கும் அடுத்த வேளைச் சோறு இல்லை, பட்டினியில் குறைந்துவிடும். ஒருவர் மட்டும் தன் வயலைச் சும்மா போட்டுப் பயனில்லை, பூச்சி பக்கத்து வயலுக்குப் போய்விட்டுத் திரும்பிவரும். ஆக, பூச்சிக்காக எல்லோரும் ஒன்றாக நட வேண்டும். ஆனால் எல்லோரும் ஒன்றாக நட்டால் எல்லோருக்கும் ஒரே வாரத்தில் நடவுத் தண்ணீர் தேவைப்படும், ஆறு தாங்காது. தண்ணீருக்காகத் தள்ளித் தள்ளி நட வேண்டும். இந்த இரண்டு தேவைகளும் எதிரெதிர். எத்தனை சுபாக்குகள் சேர்ந்து நட்டால் பூச்சியும் அடங்கும், தண்ணீரும் போதும் என்ற அளவு ஒவ்வோர் ஆற்றுக்கும் வேறு.

மேல்மடைக்காரர் ஏன் இதற்கு ஒத்துழைக்க வேண்டும்? தண்ணீர் முதலில் அவர் வாசலுக்குத்தானே வருகிறது! நம் ஊரில் மேல்மடைக்கும் கடைமடைக்கும் நடக்கிற சண்டையை அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி உடனே எழும். விடை பூச்சியில் இருக்கிறது. கடைமடைக்குத் தண்ணீர் கொடுக்காவிட்டால் அவர் வேறு காலத்தில் நடுவார். அவர் வயலில் வளர்ந்த பூச்சி மேல்மடைக்கு ஏறிவரும். பாலியில் உழவர்களிடம் எது பெரிய கவலை என்று கேட்டுப் பார்த்தபோது, மேலே இருப்பவர்கள் பூச்சி என்றார்கள், கீழே இருப்பவர்கள் தண்ணீர் என்றார்கள். ஒருவர் பயம் மற்றவர் தேவையைக் காக்கிறது. இதைப் பேசி முடிக்கிற மேடைதான் கோயில். திருவிழா நாளைக் குறிப்பதும் நடவு நாளைக் குறிப்பதும் அங்கே ஒரே காரியம்.

1966இல் பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஐ.ஆர்.8 என்ற அதிக விளைச்சல் நெல் ரகத்தை வெளியிட்டது. சுகார்த்தோ அரசு விதை, உரம், பூச்சிமருந்து, கடன் எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டிப் பாலிக்கும் அனுப்பியது. குறுகிய கால ரகம், ஆகவே ஆண்டுக்கு இரண்டு போகம், முடிந்தால் மூன்று. கோயில் நாளுக்குக் காத்திருக்காதே, தண்ணீர் வந்ததும் நடு என்பது உத்தரவு. அவரவர் இஷ்டத்துக்கு நட்டார்கள். எப்போதும் எங்காவது ஒரு வயலில் பச்சை நெல் நின்றது. புகையானுக்குத் தினமும் விருந்து. மருந்து அடித்தார்கள், மருந்தில் முதலில் செத்தது புகையானைத் தின்கிற சிலந்திகள். புகையானைத் தாங்கும் ஐ.ஆர்.36 வந்தது; அதைத் துங்ரோ நச்சுயிர் நோய் பிடித்தது. அதைத் தாங்கும் அடுத்த ரகத்தை வேறொரு நோய் பிடித்தது. 1970களின் இறுதியில் ஒரு பக்கம் பூச்சி, மறுபக்கம் தண்ணீர்த் தட்டுப்பாடு.

அந்தச் சமயத்தில்தான், 1979இல், ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனில் பாலிப் பாசனத் திட்டம் தொடங்கியது. மரக்கட்டை இருந்த இடங்களில் ஏற்றி இறக்கும் இரும்புக் கதவுகள் வந்தன. திட்டம் போட்டவர்கள் கெட்ட எண்ணக்காரர்கள் அல்ல. எங்கள் பாடப்புத்தகத்தில் இருந்ததைத்தான் செய்தார்கள். அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தால் நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன். பல இடங்களில் உழவர்கள் அந்தக் கதவுகளைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, தண்ணீர் தன்போக்கில் விகிதப்படி பிரிய விட்டார்கள். பழைய நடவு முறைக்கே போகிறோம் என்று சுபாக்குகள் கேட்டபோது, விவசாயிகளுக்குப் பழமைப் பற்று, மாற்றத்துக்குத் தயங்குகிறார்கள் என்று அதிகாரிகள் பதில் சொன்னார்கள்.

ஸ்டீபன் லான்சிங் என்ற அமெரிக்க மானுடவியலாளர், கோயில்கள் பாசனத்தை நடத்துகின்றன என்று அந்த ஆண்டுகளில் எழுதிக்கொண்டிருந்தார். பொறியாளர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் ஜேம்ஸ் கிரெமர் என்ற சூழலியலாளரோடு சேர்ந்து, ஊஸ், பெத்தானு ஆகிய இரண்டு ஆறுகளில் இருக்கும் 172 சுபாக்குகளைக் கணினி மாதிரியில் ஏற்றினார். மழை, நீரோட்டம், நெல் வளர்ச்சி, பூச்சிப் பெருக்கம் எல்லாம் கணக்கில் வந்தன. தனித்தனியே நட்டால் பூச்சி தின்றது. எல்லோரும் ஒன்றாக நட்டால் தண்ணீர் தீர்ந்தது. கோயில் குழுக்களின் அளவில் சேர்ந்து நட்டபோது விளைச்சல் உச்சத்துக்குப் போனது. பிறகு இன்னொரு சோதனை. கோயிலே இல்லாமல், ஒவ்வொரு சுபாக்கும் அண்டை அயலில் யாருக்கு நன்றாக விளைந்ததோ அவருடைய நடவு நாளைப் பார்த்து அடுத்த ஆண்டு நடும் என்று மட்டும் விதி வைத்து ஓடவிட்டார்கள். கணினிக் கணக்கில் பத்தாண்டு போல ஓடியதும் உண்மையான கோயில் குழுக்களை ஒத்த வரைபடம் தானாக உருவானது. மையத்தில் உட்கார்ந்து திட்டமிட்ட அரசர் எவரும் தேவைப்படவில்லை. விட்ஃபோகலின் கொடுங்கோலர் வந்தே தீர வேண்டிய இடத்தில் பக்கத்து வயலை எட்டிப் பார்க்கிற உழவர்தான் இருந்தார். கோயில்களைக் கணக்கில் எடுக்காதது பிழை என்று 1980களின் இறுதியில் வங்கியின் சொந்த மதிப்பீடும் ஒப்புக்கொண்டது. அதற்கு முன்பே, 1986இல், இந்தோனேசிய அரசு நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்திருந்தது.

இந்தக் கதையைக் கேட்டதும், பார்த்தீர்களா, முன்னோர் ஜெயித்தார்கள் என்று கை தட்டத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். நிரூபணம் எப்படி வந்தது? அமெரிக்கர் ஒருவர், மேற்கில் பிறந்த கணினியை வைத்து, சமன்பாடு எழுதி நிரூபித்தார். மேற்கின் கருவி இல்லாமல் மேற்கின் பிழையைக் காட்டியிருக்க முடியாது. அதே சமயம், பாலி உழவர்கள் ஆண்டுக்கணக்கில் வாயால் சொன்னது ‘நம்பிக்கை’யாகவும், அதையே கணினி சொன்னபோது ‘தரவு’ ஆகவும் ஆகிவிட்டது. யார் சொன்னால் அறிவு என்ற கேள்வி இங்கே இருக்கிறது. பல்கலைக்கழகங்களில் பேசப்படுவதன் சாரமும் இதுதான், அவர்கள் இன்னும் கடினமாகச் சொல்வார்கள்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பசுமைப் புரட்சி வெறும் நாசம் அல்ல. 1970களில் உலகிலேயே மிக அதிகமாக அரிசி இறக்குமதி செய்த நாடுகளில் ஒன்றான இந்தோனேசியா 1984இல் தன்னிறைவு பெற்றது. பசித்த வயிற்றிடம் போய் உன் விதை மேற்கத்தியச் சிந்தனை என்று சொல்ல எனக்கு வாய் வராது. பாலியிலும் குறுகிய கால நெல்லை விட்டுவிட்டுப் பழைய நெல்லுக்குத் திரும்பியவர்கள் குறைவு. அவர்கள் மீட்டது நடவு நாளையும் கூட்டுத் தரிசையும்தான். விதை வேறு, விதையோடு கட்டிவந்த எண்ணம் வேறு. உரத்திலும் இதே கதை. எரிமலைப் பாறையைக் கழுவிக்கொண்டு வருகிற ஆற்று நீரிலேயே மணிச்சத்தும் சாம்பல் சத்தும் இருக்கின்றன என்று பின்னாளில் அளந்து பார்த்தார்கள். பொட்டலத்தில் கட்டாயமாக வந்த உரத்தில் பெரும்பகுதி வயலைத் தாண்டிக் கடலுக்குப் போய்ப் பவளப்பாறை மேல் படிந்தது. உழவர் காசு கொடுத்து வாங்கிய உரம் அது.

‘மேற்கத்திய’ என்ற சொல்லைக் கேட்டதும் வெள்ளைத் தோலை நினைத்துக்கொள்வது அடுத்த வழுக்கல். பாலியில் கோயிலை ஒதுக்கச் சொன்னவர்கள் டச்சுக்காரர்கள் அல்லர், ஜகார்த்தாவின் அதிகாரிகள். 1949 ஜனவரியில் அமெரிக்க அதிபர் ட்ரூமன் தன் பதவியேற்பு உரையில் உலகின் பெரும்பகுதியை ‘வளர்ச்சி குன்றிய பகுதிகள்’ என்றார். 1955இல் அதே இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் 29 கூடி, இனி எங்கள் வழி எங்களுக்கு என்று முழங்கின. மாநாடு முடிந்து ஊருக்குப் போன தலைவர்கள் அமர்ந்தது காலனி அரசு விட்டுப்போன அதே மேசையில், அதே பதிவேட்டின் முன்னால். வளர்ச்சி குன்றியவர்கள் என்ற பட்டத்தை ஏற்றுக்கொண்டு, சீக்கிரம் வளர்ந்து காட்டுகிறோம் என்று ஓடினார்கள். கொடி மாறியது, கட்டம் மாறவில்லை. நம் நாட்டுக்கும் இது பொருந்தும்.

மதம் என்ற கட்டம் பாலிக்காரர்களைப் படுத்திய பாடு தனிக் கதை. சுதந்திர இந்தோனேசியாவின் மத அமைச்சகம், ஒரே கடவுள், ஒரு புனித நூல் என்று இருந்தால்தான் அதை ‘அகாமா’ என்று ஏற்கும். நமக்குத் தெரிந்த ஆகமம் என்ற சொல்தான், அங்கே போய் ‘அங்கீகரிக்கப்பட்ட மதம்’ என்று பொருள் மாறிவிட்டது. பாலிக்காரர்கள் தங்கள் வழக்கத்தைச் சொல்லப் பயன்படுத்திய பெயர்களில் ஒன்று ‘அகாமா தீர்த்தா’. தீர்த்தத்தின் மார்க்கம். தண்ணீரையும் தெய்வத்தையும் பிரிக்காத பெயர். அங்கீகாரம் வேண்டும் என்பதற்காக அவர்கள் 1950களின் இறுதியில் மனுக்கொடுத்துப் போராடி, சங்யாங் விதி என்ற ஒரே கடவுளை முன்னிறுத்தி, ‘இந்து’ என்று பெயர் பதிந்து, கட்டத்துக்கு ஏற்பத் தங்களை வெட்டி ஒட்டிக்கொண்டார்கள். இதைக் குறை சொல்லவில்லை. அங்கீகாரம் இல்லாவிட்டால் மதம் மாற்றும் பட்டியலில் இருந்திருப்பார்கள். யுனெஸ்கோ 2012இல் சுபாக்கை உலகப் பாரம்பரியமாக அறிவித்தபோது தலைப்பில் போட்ட ‘த்ரி ஹித கரணா’ என்ற தத்துவப் பெயரும் 1960களில்தான் புழக்கத்துக்கு வந்தது. கடவுள், மனிதர், இயற்கை என்ற மூன்றின் இணக்கம் நல்ல கருத்துதான். ஆனால் ஆயிரம் ஆண்டுத் தத்துவம் என்று சுற்றுலா வழிகாட்டி சொன்னால் தலையாட்ட வேண்டாம். பாலிக் கோயில்களைச் சோழர் கட்டினார்கள் என்று வாட்ஸப்பில் வந்தாலும் அப்படியே.

சுபாக்கும் சொர்க்கம் அல்ல. கூட்டத்தில் உட்காருவது பெரும்பாலும் ஆண்கள். நிலமில்லாதவருக்குப் பங்கு இல்லை. இன்றைக்குப் புகையானைவிடப் பெரிய எதிரி, வயலை விலைக்குக் கேட்கிற விடுதிக்காரர். கோயில் அடுக்கால் அதற்கு விடை சொல்ல முடியவில்லை.

நம் பக்கத்துக்கு வருகிறேன், தொடர்பு இருப்பதால். தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரி, கண்மாய்கள். பெரும்பாலானவை சங்கிலி: மேல் ஏரி நிரம்பிக் கலிங்கு வழிந்தால் அந்த நீர் கீழ் ஏரிக்கு. 10ஆம் நூற்றாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம் இருக்கிறது. ஆர்தர் காட்டன் 1836இல் கொள்ளிடத்தில் அணை எழுப்பியபோது, ஆழம் காணாத மணலில் அடித்தளம் போடும் வித்தையைக் கல்லணையிடமிருந்து கற்றதாக அவரே சொல்லியிருக்கிறார். ஆக, மேற்கு கற்றுக்கொள்ளவே இல்லை என்பதும் பொய். கற்றுக்கொண்ட நுட்பம் பாடப்புத்தகத்துக்குள் போனதும் ஊர்ப்பெயர் உதிர்ந்துவிடுகிறது, அவ்வளவுதான். ஊரே கூடி ஏரியைச் செப்பனிடும் குடிமராமத்தை 1858இல் கட்டாய வேலைச் சட்டமாக எழுதினார்கள். ஊர் வழக்கம், அபராதம் போடுகிற சட்டப்பிரிவானது. அதோடு கொஞ்சம் கொஞ்சமாக ஊர் ஏரியிலிருந்து கையை எடுத்துக்கொண்டது.

இன்றும் ஆயக்கட்டு, அதாவது ஏரி பாயும் நிலப்பரப்பு, 40 ஹெக்டேருக்கு மேல் இருந்தால் ஏரி எங்கள் துறைக்கு. குறைவாக இருந்தால் ஊராட்சி ஒன்றியத்துக்கு. தண்ணீருக்கு இந்த 40 தெரியாது. நான் இளம் பொறியாளராக இருந்தபோது ஒரு கண்மாய்க்கரையில், மடை திறந்து வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் நீர்பாய்ச்சி ஒருவர், மேல் கண்மாயின் கரை ஓர் இடத்தில் கசிகிறது, பார்த்துக்கொள்ளுங்கள் ஐயா என்றார். என் வரைபடத்தில் மேல் கண்மாயே இல்லை, அது ஒன்றியத்தின் கோப்பு. தகவல் அனுப்பலாம் என்று நினைத்துக்கொண்டேன், நினைத்ததோடு சரி. அந்த ஐப்பசியில் மேலே உடைந்த வெள்ளம் வந்து மோதி எங்கள் கரையையும் உடைத்தது. மறுநாள் காலை அவர் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. மண்வெட்டியோடு உடைப்பில் இறங்கி நின்றுகொண்டிருந்தார்.

அவரைப் பற்றி இன்னொன்று. பல ஊர்களில் நீர்பாய்ச்சிகள் தலித்துகள். கரை மேல் அவர் சொல் எல்லோரையும் கட்டுப்படுத்தும். கரையை விட்டு இறங்கினால் அவர் எங்கே நிற்க வேண்டும் என்பதை ஊர் கட்டுப்படுத்தும். கூலியாக வந்தது அறுவடையில் சில மரக்கால் நெல். குடிமராமத்தைப் பொற்காலம் என்று எழுதுகிறவர்கள் மண் சுமந்தது யார் என்ற வரியை விட்டுவிடுகிறார்கள். மடை திறந்த தியாகியைத்தான் ஆங்கிலேயன் ‘மடையன்’ என்று இழிவாக்கிவிட்டான் என்றொரு கதை சுற்றுகிறது. மடமையிலிருந்து வந்த வசவு என்றுதான் எனக்குப் படுகிறது. இழிவு செய்ததற்கு நமக்கு வெள்ளைக்காரன் துணை தேவைப்பட்டதில்லை.

ஆக, நடைமுறையில் என்ன பொருள் என்று கேட்டீர்கள். ஒரு திட்ட அறிக்கையோ புள்ளிவிவரமோ கையில் வந்தால், எண்கள் சரியா என்று பார்ப்பதற்கு முன்னால் பத்தித் தலைப்புகளைப் பாருங்கள். ‘மதம்’, ‘பழமை’, ‘முறைசாரா’, ‘இதர’ என்ற தலைப்புகளின் கீழ் எது போய் விழுந்திருக்கிறது என்று பாருங்கள். பாலியின் பாசன நிர்வாகம் முழுவதும் அப்படி ஒரு ‘இதர’த்தில்தான் கிடந்தது. பிறகு உள்ளூர்க்காரரிடம் கேளுங்கள். அவர் சொல்வதையும் அதே கறாரோடு சோதியுங்கள், அவர் முன்னோர் என்பதற்காகச் சலுகை வேண்டாம்.

பயிற்சிக்கு வெளிநாடு போக வேண்டாம். உங்கள் ஊர் ஏரி எந்த அலுவலகத்தின் பதிவேட்டில் இருக்கிறது, அதற்கு மேலே இருக்கும் ஏரி எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்று விசாரித்துப் பாருங்கள். இரண்டு அலுவலகத்திலும் கேட்டுவிட்டு, கடைசியாக மடையைத் திறக்கிறவரிடம் போங்கள். அவர் ஏரிகளின் பெயரை எந்த வரிசையில் சொல்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.